கருப்பட்டி பிஸ்கட்டும் அத்தையின் சுகரும்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது. அடையாளங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

"என் மாமியாருக்கு 66 வயது. சுகர் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கிளைமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் போடுகிறார். சாயங்கால டீக்கு பிஸ்கட் இல்லாமல் அத்தைக்கு முடியாது. கடை பிஸ்கட் வேண்டாமே என்று நான்கு மாதமாக நானே ஓடிஜி ஓவனில் செய்து கொடுக்கிறேன். மைதா கிடையாது, வெள்ளைச் சர்க்கரை கிடையாது. கேழ்வரகு மாவு 150 கிராம், கோதுமை மாவு 100 கிராம், உடன்குடி கருப்பட்டி 150 கிராம், வெண்ணெய் 125 கிராம், அதோடு சுக்கு, பட்டை, ஏலக்காய். முப்பது பிஸ்கட் வரும். அத்தைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சாயங்காலம் நாலு, ராத்திரி மூன்று சாப்பிடுகிறார். ராத்திரி பிஸ்கட் சாப்பிட்டால் இட்லி வேண்டாம் என்றுவிடுவார். மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்வார். பட்டை சுகரைக் குறைக்கும் என்று கேள்விப்பட்டு, தினமும் காலையில் வெந்நீரில் ஒரு ஸ்பூன் பட்டைப் பொடி கலந்தும் கொடுக்கிறேன். ஆனாலும் மூன்று மாத சுகர் சராசரி (HbA1c) 7.6 சதவீதத்திலிருந்து 8.4 ஆகிவிட்டது. 'நீதான் இனிப்பைக் கொடுத்துக் கெடுக்கிறாய்' என்று என் வீட்டுக்காரர் திட்டுகிறார். போன மாதம் ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்கு அத்தைக்கு வியர்த்துக் கொட்டிக் கைகால் நடுங்கியது. என் பிஸ்கட்டில் இரண்டைக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. இப்போது கிறிஸ்துமஸ் வருகிறது. இதே பிஸ்கட்டைச் செய்யலாமா, சர்க்கரைக்குப் பதிலாக இனிப்புப் பொடி போட்டுச் செய்யலாமா? பக்கத்து வீடுகளில் 'சுகர் பேஷண்ட் பிஸ்கட்' என்று விலைக்குக் கேட்கிறார்கள். விற்கலாமா?"

சகோதரி, நீங்கள் கேட்டிருப்பது பிஸ்கட்டைப் பற்றி. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அந்த அதிகாலை மூன்று மணி. அதை முதலில் பேசிவிடுவோம். பிஸ்கட் ஒரு நாள் காத்திருக்கலாம்.

வியர்த்துக் கொட்டிய அந்த இரவு

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பெரும்பாலும் ரத்தச் சர்க்கரை இறங்கிப்போனதால் வருபவை. 'சராசரி 8.4 இருக்கிறவருக்கு எப்படி சுகர் இறங்கும்?' என்று தோன்றும். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். சராசரி என்பது சராசரிதான். குளுக்கோமீட்டரில் பகலில் 280, இரவில் 60 என்று ஏறி இறங்கினாலும் சராசரி கூடுதலாகத்தான் காட்டும்.

கிளைமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. இரவு மாத்திரையைப் போட்டுவிட்டு மூன்று பிஸ்கட்டோடு படுத்தால், அந்த பிஸ்கட்டின் மாவுச்சத்து தீர்ந்த பிறகும் மாத்திரை வேலை செய்துகொண்டே இருக்கும். ஆகவே இன்று இரவிலிருந்தே ஒன்றைப் பழக்கமாக்குங்கள்: மாத்திரை போட்டால் சாப்பாடு உண்டு. குறைந்தது இரண்டு இட்லியும் ஒரு கிண்ணம் சாம்பாரும் உள்ளே போக வேண்டும். அத்தைக்குச் சாப்பிடவே முடியாத நாள் என்றால் அந்த வேளை மாத்திரையை என்ன செய்வது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், பாதியாக உடைக்கவும் வேண்டாம்.

அடுத்தது, அன்று நீங்கள் கொடுத்த பிஸ்கட். அது வேலை செய்தது அதிர்ஷ்டம். சுகர் இறங்கும்போது ரத்தத்தில் உடனே சேரக்கூடிய இனிப்பு வேண்டும். பிஸ்கட்டில் இருக்கும் வெண்ணெய் செரிமானத்தைத் தாமதப்படுத்தும். அதோடு அத்தையின் மாத்திரையில் வோக்லிபோஸ் இருக்கிறது. சுக்ரோஸ் எனும் சாதாரணச் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் குளுக்கோஸாக உடைக்கும் நொதிகளைக் குடலில் தடுப்பதுதான் அதன் வேலை. அதனால் பிஸ்கட் மட்டுமல்ல, வெள்ளைச் சர்க்கரையும் கருப்பட்டியும்கூட அவருக்கு மெதுவாகத்தான் ஏறும். இந்த மாத்திரை போடுகிறவர்கள் வீட்டில் மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பவுடர் கட்டாயம் இருக்க வேண்டும். அது ஏற்கெனவே குளுக்கோஸ்தான்; உடைய வேண்டியதில்லை.

குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால், அல்லது சோதிக்க நேரமில்லாமல் அறிகுறி தெரிந்தால், குவித்த மூன்று தேக்கரண்டி, அதாவது 15 கிராம் அளவு, குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். அந்த நேரத்தில் உங்கள் பிஸ்கட்டைத் தாராளமாகக் கொடுக்கலாம். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். குளுக்கோஸ் பாக்கெட்டை அத்தையின் கட்டில் பக்கத்திலேயே வையுங்கள். இந்த இரவைப் பற்றி மருத்துவரிடம் இதுவரை சொல்லவில்லை என்றால் இந்த வாரமே போய்ச் சொல்லுங்கள். மாத்திரையின் அளவையோ வகையையோ அவர் மாற்ற நினைக்கலாம்.

பெயர் மாறியது, கணக்கு மாறவில்லை

இப்போது பிஸ்கட்டுக்கு வருவோம். நீங்கள் அளவுகளை கிராமில் எழுதியனுப்பியது பெரிய உதவி. கூட்டிப் பார்த்தேன். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி நூறு கிராம் மைதாவில் மாவுச்சத்து சுமார் 74 கிராம், கோதுமை மாவில் 64, கேழ்வரகில் 67. மைதாவை விட்டதால் நார்ச்சத்து கூடியது, அது நல்லதுதான். ஆனால் மாவுச்சத்து பெரிதாகக் குறைந்துவிடவில்லை. கேழ்வரகை நைஸாக அரைத்து மாவாக்கும்போது அது செரிக்கும் வேகமும் கூடிவிடுகிறது.

கருப்பட்டியைப் பற்றி நம் பக்கத்தில் பேசவே பயமாக இருக்கிறது, அவ்வளவு பாசம். எனக்கும் பிடிக்கும். அதில் கொஞ்சம் தாதுக்கள் உண்டு, வெள்ளைச் சர்க்கரையில் கிடைக்காத மணம் உண்டு. ஆனாலும் அதில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன், பேரீச்சை எல்லாமே இந்தக் கணக்கில் இனிப்புதான். போதாததற்குச் சர்க்கரை கலந்து காய்ச்சிய கருப்பட்டியும் சந்தையில் நிறைய வருகிறது.

உங்கள் அளவுப்படி மாவும் கருப்பட்டியும் சேர்ந்து ஒரு பிஸ்கட்டுக்கு ஏறத்தாழ 10 கிராம் மாவுச்சத்து. ஏழு பிஸ்கட் என்றால் 70 கிராம். ஓர் இட்லியில் பத்துப் பன்னிரண்டு கிராம் இருக்கும் என்று வைத்தால், அத்தை தினமும் ஆறேழு இட்லிக்குச் சமமானதை 'பலகாரம்' என்ற கணக்கில் சாப்பிட்டிருக்கிறார். சாயங்காலத்து நாலு, வழக்கமான மூன்று வேளைக்கும் மேலே கூடுதலாகச் சேர்ந்தது. கடை பிஸ்கட்டை அவர் ஏழு தின்றிருப்பாரா? மாட்டார். நல்லதுதானே என்ற நம்பிக்கையில் கை தாராளமாகிவிடுகிறது. சராசரி ஏறியதற்கு இதுவே ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டு வருட சுகரில் மருந்துத் தேவையும் மாறும், நடை குறைந்திருக்கலாம். இருந்தாலும் இந்த 70 கிராமை ஒதுக்கிவிட முடியாது.

பட்டை

பிஸ்கட்டில் போடும் பட்டையால் ஒரு கெடுதலும் இல்லை. காலையில் வெந்நீரில் போடும் ஒரு ஸ்பூனை நிறுத்திவிடுங்கள். நம் மளிகைக் கடைகளில் பட்டை என்று கிடைப்பது பெரும்பாலும் காசியா வகை: தடித்து, கடினமாக, ஒரே சுருளாக இருக்கும். இலங்கையிலிருந்து வரும் கறுவாப்பட்டை மெல்லிசாக, காகிதத்தைப் பல அடுக்காகச் சுருட்டியதுபோல இருக்கும், கையால் நொறுக்கலாம். காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். நாள்பட அதிக அளவில் உள்ளே போனால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 மில்லிகிராம். ஒரு தேக்கரண்டி காசியாப் பொடியே அதைத் தாண்டிவிடலாம். பட்டை சுகரைக் குறைக்குமா என்று செய்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. மாத்திரைக்கு மாற்றாக அதை எந்த மருத்துவரும் எழுதித் தர மாட்டார்.

இனிப்புப் பொடி போடலாமா?

பொடியின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அஸ்பார்டேம் என்றிருந்தால் ஓவன் சூட்டில் இனிப்பே போய்விடும், டீக்குத்தான் அது. சுக்ராலோஸ் இருந்தால், 120 டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது வேண்டாத குளோரின் சேர்மங்கள் உருவாகலாம் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019-ல் எச்சரித்திருக்கிறது. சமைத்து முடித்த பிறகு சேர்க்கலாம் என்பது அவர்கள் யோசனை; பிஸ்கட்டில் அது நடக்காது. எரித்ரிடால் மாவுக்குக் கனம் கொடுக்கும், ஆனால் நாக்கில் கற்பூரம் பட்டதுபோல ஒரு குளிர்ச்சி தங்கும். ரத்தத்தில் அது அதிகம் இருப்பவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததாக 2023-ல் ஓர் ஆய்வு வெளியானது. அதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் பன்னிரண்டு வருடமாக சுகர் உள்ளவருக்கு தினசரிப் பொருளாக நான் அதைச் சொல்ல மாட்டேன். ஸ்டீவியா சூட்டைத் தாங்கும். பின்நாக்கில் ஒரு கசப்பு வரும். சுக்கும் கிராம்பும் அதை ஓரளவு மறைத்துவிடும்.

2023-ல் உலக சுகாதார நிறுவனம் இனிப்பூட்டிகள் வேண்டாம் என்று சொன்னதைப் பார்த்துப் பயந்தவர்கள் பலர். உடல் எடையைக் கட்டுப்படுத்த இவற்றை நம்ப வேண்டாம் என்பதே அந்த அறிவுரை. ஏற்கெனவே சுகர் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் என் கருத்தைக் கேட்டால், உங்களுக்கு இந்தப் பொடி எதுவுமே தேவைப்படாது. மாவைப் பாதி மாற்றி, கருப்பட்டியைக் கால்வாசி ஆக்கினாலே போதும். பட்டையும் ஏலக்காயும் ஒரு சிட்டிகை உப்பும், இருக்கிற இனிப்பைத் தூக்கிக் காட்டும்.

மாற்றிச் செய்யும் அளவு

பாதாம் பொடி 100 கிராம், கோதுமை மாவு 100 கிராம், வெண்ணெய் 80 கிராம், கருப்பட்டி 40 கிராம். சுக்குப் பொடி ஒன்றரைத் தேக்கரண்டி, பட்டைப் பொடி முக்கால், ஏலப்பொடி அரை, கிராம்பு இரண்டைப் பொடித்தது, உப்பு கால், பேக்கிங் பவுடர் அரை. பாதாம் விலை கட்டுபடியாகாது என்றால் வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை. கோவில்பட்டிக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு பாதாமுக்கு அலைய வேண்டியதில்லை. மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரே ஓட்டாக ஓட்டினால் எண்ணெய் விட்டுச் சட்னியாகிவிடும்.

கருப்பட்டியை மூன்று மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, நன்றாக ஆறவிட்டுச் சேர்க்க வேண்டும். சூடாக ஊற்றினால் வெண்ணெய் உருகி மாவு தளர்ந்துவிடும். பிசைந்த மாவை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். பிஸ்கட்டைத் தட்டில் பரவவிடுவதில் சர்க்கரைக்குப் பெரிய பங்கு உண்டு. இதில் சர்க்கரை குறைவு என்பதால் உருண்டையாக வைத்தால் உருண்டையாகவே வெந்து வரும். 24 உருண்டை பிடித்து, கரண்டியின் பின்பக்கத்தால் அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டிவிடுங்கள். 165 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். ஓரம் சிவந்ததும் எடுத்துவிடுங்கள். நடுவில் தொட்டால் மெத்தென்று இருக்கும், ஆறியதும் மொறுமொறுப்பாகிவிடும். நிறம் வரட்டும் என்று காத்திருந்தால் அடி கருகும்.

இப்படிச் செய்தால் ஒன்றில் சுமார் 5 கிராம் மாவுச்சத்து. அத்தைக்கு நாளுக்கு இரண்டு, சாயங்காலம் மட்டும், சர்க்கரை போடாத டீயோடு. ஒன்றை மறந்துவிட வேண்டாம்: கொட்டையும் வெண்ணெயும் இருப்பதால் ஒவ்வொன்றும் எழுபது கலோரி வரை வரும். மாவுச்சத்து பாதியானாலும் கொழுப்பு குறையவில்லை. அத்தைக்குச் சிறுநீரகப் பிரச்சினை ஏதும் இருந்தால் கொட்டைகளின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

என் கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். முதல் தடவை செய்த அன்று, பிஸ்கட்டுக்கு முன் ஒரு முறை, சாப்பிட்ட ஒரு மணி நேரத்திலும் இரண்டு மணி நேரத்திலும் ஒவ்வொரு முறை குளுக்கோமீட்டரில் பாருங்கள். சாப்பிட்ட பின் 180-க்குள் நின்றால் பொதுவாக நல்லது. அத்தைக்கென்று வேறு இலக்கு மருத்துவர் சொல்லியிருந்தால் அதுவே கணக்கு.

வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது?

இந்தப் பக்கத்தை அப்படியே படிக்கக் கொடுங்கள். கடை பிஸ்கட்டை நிறுத்தியதும், அளவை எழுதி வைத்ததும், ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்ததும் நீங்கள்தான். திட்டுவதற்குப் பதிலாக அவர் மாதம் ஒரு முறை அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப்போகட்டும், அந்த வேலை காலியாகத்தான் இருக்கிறது.

அத்தையிடம் டப்பாவை ஒளித்து வைக்காதீர்கள். 66 வயதுப் பெண்மணி சொந்த வீட்டில் பிஸ்கட்டைத் திருடிச் சாப்பிடும் நிலை வரக் கூடாது; வந்தால் நமக்குக் கணக்கும் தெரியாமல் போய்விடும். இரண்டிரண்டாகச் சின்ன டப்பாக்களில் போட்டு அவரிடமே கொடுத்துவிடுங்கள். 'அத்தை, இது ரெண்டும் ஒரு இட்லிக்குச் சமம்' என்று ஒரு முறை சொன்னால் போதும். பன்னிரண்டு வருடமாக சுகரோடு குடும்பம் நடத்துகிறவருக்கு அது புரியும்.

கிறிஸ்துமஸ் அன்று முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் மக்ரூனும் வீடு தேடி வரும். எதையும் தொடக் கூடாது என்று சொன்னால் அத்தை கேட்கவும் மாட்டார், கேட்க வேண்டும் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு முந்திரிக்கொத்து சாப்பிட்டால் அன்றைக்கு உங்கள் பிஸ்கட் கிடையாது, மதியம் சோறு ஒரு கரண்டி குறையும். மாத்திரையும் சாப்பாடும் நேரம் தவற வேண்டாம், முக்கியமாகச் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து களைத்துப்போய்ச் சாப்பிடாமல் படுக்கும் நாட்களில்.

கடைசியாக, விற்பது பற்றி. தாராளமாக விற்கலாம். வீட்டிலிருந்து விற்கும் சிறு வியாபாரத்துக்கும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் பதிவு வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம். ஆனால் லேபிளில் 'சுகர் ஃப்ரீ' என்று போட முடியாது. 2018-ம் ஆண்டு விதிகளின்படி நூறு கிராமில் சர்க்கரை அரை கிராமுக்கு மேல் இருந்தால் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. உங்களுடையதில் கருப்பட்டி இருக்கிறது. 'சுகர் பேஷண்ட் பிஸ்கட்' என்றும் வேண்டாம். வாங்குகிறவர் எந்த மாத்திரை போடுகிறார், எத்தனை சாப்பிடுவார் என்று உங்களுக்குத் தெரியாது. 'பாதாம் சுக்கு பிஸ்கட்' என்று பெயர் வையுங்கள். சேர்த்த பொருட்களை அளவில் அதிகமானதிலிருந்து வரிசையாக எழுதி, பாதாம், கோதுமை, பால் பொருள் இருப்பதை ஒவ்வாமைக்காரர்கள் கண்ணில் படும்படி தனியாகக் குறிப்பிடுங்கள். நிலக்கடலையில் செய்தால் அதையும்.